தனுஷ்கோடியில் ஊர் காட்டிய டிரைவர்

கோயம்புத்தூர் மில் முதலாளி வேலாயுதசாமி வாயைத் திறந்தால் உத்தரவுதான் வரும். குடும்பத்தோடு தனுஷ்கோடி பார்க்க வேன் பிடித்தவர், வழிநெடுக டிரைவர் மிக்கேலை வறுத்தெடுத்தார். அந்தக் காலத்துப் புயல் விழுங்கிய ஊரின் மணலில் இறங்கியதும் கொதித்தே போனார்.

“ஏப்பா, ஊரக் காட்டறேன்னு கூட்டிட்டு வந்து மணலக் காட்டறியா? இப்பவே ஊரக் காட்டு. இல்லீன்னா உன்ற ஓனர்கிட்டச் சொல்லி வேலைக்கு உலை வெச்சுப்போடுவேன்!”

சொல்லிக்கொண்டே, மணலில் புதைந்து கிடந்த ஒரு கல்லின்மேல் ஷூ காலைத் தூக்கி வைத்தார்.

 மிக்கேல் தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

“காட்டுறேன்யா. நீங்களும் கழட்டுங்க.”

“எதுக்கு? இதென்ன கோயிலா?”

“வீடுங்கய்யா. நீங்க மிதிச்சுக்கிட்டு நிக்கிறது ஆட்டுக்கல்லு.”

முதலாளி குனிந்து பார்த்தார். கல்லின் குழி நிறைய மணல் இருந்தது. காலை மெல்ல எடுத்தார். அவர் மனைவி முதலில் செருப்பைக் கழற்றினார், பிறகு பிள்ளைகள். கடைசியில் அவரும் ஷூ கயிற்றை அவிழ்த்தார்.

“யாரு வீடு?” குரல் இறங்கியிருந்தது.

“சொல்றதுக்கு ஒருத்தரும் மிஞ்சலைங்க. வாங்கன்னு கூப்பிடவும் ஆளில்ல.” வாசல் இருந்த இடத்தில் மிக்கேல் ஒதுங்கி நின்றான். “அதான் நான் கூப்பிடுறேன். உள்ள வாங்கய்யா.”