கை வைக்கக் கூடாத விளக்கு

தொட்டிக்காட்டுக்காரர்கள் பொல்லாதவர்கள் இல்லை. தங்கமான மனுஷர்கள். பெரியவர்கள் சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள், அது ஒன்றுதான் அவர்களிடம் உள்ள தொந்தரவு. பால் பொங்குதா பார் என்று ஒருத்தரை அடுப்படியில் நிறுத்தினால், பால் பொங்கி, வழிந்து, அடுப்பே அணைகிறவரை கண் கொட்டாமல் பார்த்துவிட்டு வந்து, “பொங்கிருச்சுங்க” என்று பணிவாகச் சொல்வார்கள்.

அந்த ஊர் மாசிலாமணிக்கு முப்பத்தாறாவது வயதில் கல்யாணம் கூடி வந்தது. பதினான்கு இடத்தில் தட்டிப்போய்ப் பதினைந்தாவதாக அமைந்தவள் குயில்மலை வளர்மதி. தன் அப்பாவுடைய ஜீப்பில் கேரட் மூட்டை ஏற்றிச் சந்தைக்குத் தானே ஓட்டிப்போகிற பெண். பெண் பார்க்கப் போன அன்று காபியைக் கொடுத்துவிட்டு, “சர்க்கரை போதுமாங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே மாசிலாமணி நான்கு மாதம் ஓட்டிவிட்டான்.

முகூர்த்தம் பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள். மறுநாள் ஆடி பிறக்கிறது. பெண்ணின் அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார்: “பன்னெண்டு தாண்டுச்சுன்னா ஆவணியிலதான் பேச்சு. அதுவரைக்கும் நான் வேற இடம் பாக்க மாட்டேன்னு சத்தியம் பண்ண முடியாது.” மாசிலாமணிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பெண்டுகள் எல்லாரும் முந்தின நாளே வேன் பிடித்து, கல்யாண மண்டபம் இருக்கிற குயில்மலைக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளைக்கு அன்று சந்திராஷ்டமம், பயணம் ஆகாது. அதனால் அவனும் மூன்று ஆம்பளைகளும் மறுநாள் காலையில் தனியாகக் கிளம்பும்படி ஆயிற்று. இந்தக் கதை நடந்ததற்கே அதுதான் காரணம்.

காரைக் கொடுத்தவர் ரைஸ்மில் சென்னியப்பன். புதுக் கார். சாவியைக் கொடுக்கும்போது ஸ்டீயரிங் பக்கத்தில் இருந்த திருகு ஸ்விட்சைக் காட்டிச் சொன்னார்: “இது லைட்டு. யாரும் இதுல கை வைக்காதீங்க. இருட்டுனா தானா எரியும். வெளிச்சம் வந்தா தானா அணையும்.”

மாசிலாமணியின் அண்ணன் ஏகாம்பரம்தான் கார் ஓட்டப் போகிறவன், கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். அக்கா புருஷன் குப்புராஜ் செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டான். தாய்மாமன் நல்லதம்பி மட்டும் காரைச் சுற்றிவந்து, “ஆளே இல்லாம எரியுதுன்னா அது சாமிதான்” என்று முன்பக்க விளக்கு இரண்டுக்கும் சந்தனம் வைத்தார்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். அடிவாரம் தாண்டுகிறவரை ஒரு குறையும் இல்லை. ஒன்பதரை மணிக்கு ஐந்தாவது வளைவில் மூடுபனி இறங்கியது. பஞ்சு மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதுபோல எங்கும் வெள்ளை. காருடைய மூக்கே காருக்குத் தெரியவில்லை.

எதிரே வந்த லாரி ஒன்று கீச்சென்று பிரேக் போட்டு, இவர்களுடைய பம்பருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“யோவ்! லைட்டைப் போட்டுட்டு வாங்கய்யா! நீங்க வர்றதே எனக்குத் தெரியல!”

“இருட்டுனா தானா எரியுமுங்க,” என்றான் ஏகாம்பரம்.

“இப்ப எங்கய்யா இருட்டு? பனி வெள்ளையா இருக்கு, அந்த மெஷினு பட்டப்பகல்னு நினைச்சுக்கிட்டிருக்கு. நீதான் கையால போடணும்.”

“கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

டிரைவர் நான்கு பேர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு சாமியைக் கும்பிட்டுக்கொண்டு, லாரியை மெதுவாக ஒதுக்கி ஓட்டி, மலையிறங்கிப் போய்விட்டார்.

காரை ஓரம்கட்டிப் பேசினார்கள்.

“கைதானே வைக்கக் கூடாது? காலால திருகிப் பாக்கலாமா?” என்றான் குப்புராஜ்.

நல்லதம்பி காதைப் பொத்திக்கொண்டார். “விளக்கைக் காலால தொடுறதா? கல்யாணத்தன்னைக்கா? லட்சுமி வீட்டை விட்டே போயிருவா மாப்ளே!”

“மாமா, மணி பத்தாகப் போகுது,” என்றான் மாசிலாமணி. அவன் குரல் ஏற்கெனவே பாதி அழுகையில் இருந்தது.

“பதறாதே. முதலாளி என்ன சொன்னாரு? இருட்டுனா எரியும்னாரு. அப்ப நாம செய்ய வேண்டியது என்ன? இருட்டாக்கணும். எல்லாரும் கண்ணை மூடுங்க.”

நான்கு பேரும் கண்ணை இறுக்கி மூடினார்கள்.

“இருட்டா இருக்கா?”

“கும்மிருட்டா இருக்கு மாமா.”

“அப்ப லைட்டு எரிஞ்சிருக்கும்.”

“எரியுதான்னு யாரு பாக்குறது?” என்று ஏகாம்பரம் கேட்டான்.

நல்ல கேள்விதான். கடைசியில் குப்புராஜ் ஒரே ஒரு கண்ணை மட்டும் திறந்து, பானட்டுக்கு முன்னால் எட்டிப் பார்த்தான்.

“எரியல மாமா.”

“எப்படி எரியும்? நீ கண்ணைத் திறந்ததும் வெளிச்சம் வந்திருச்சு. வெளிச்சம் வந்தா தானா அணையும்னு சொல்லியிருக்காருல்ல?” என்று நல்லதம்பி கோபித்துக்கொண்டார். “நல்லா எரிஞ்சுக்கிட்டிருந்த விளக்கை அணைச்சுட்டியே!”

குப்புராஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டான். இன்னும் மூன்று தடவை மூடிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் திறந்து அணைத்துவிட்டார்கள்.

மாசிலாமணிக்குத்தான் அப்போது ஒரு யோசனை வந்தது. காதல் வந்த மனுஷனுக்கு மூளை வேலை செய்யும் என்பார்கள். அவனுக்கும் ஏதோ கொஞ்சம் செய்தது. டிக்கியில் சீர்ப் பாத்திரங்களை மூடியிருந்த கறுப்புத் தார்ப்பாயை இழுத்துவந்து, கார் மேல் போர்த்தினான். கார் முழுக்க மூடிக்கொண்டது. ஏகாம்பரம் உள்ளே இருந்தான்.

பாயின் ஓரத்தில் பளிச்சென்று வெளிச்சம் வழிந்தது.

“எரியுது! எரியுது!” நல்லதம்பிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கற்பூரம் தேடினார். “எடுங்கப்பா பாயை, போலாம்.”

பாயை எடுத்தார்கள். அணைந்தது. போட்டார்கள். எரிந்தது. எடுத்தார்கள். அணைந்தது.

“அப்ப பாயோடதான் போகணும்,” என்று நல்லதம்பி தீர்ப்பு சொன்னார்.

“எனக்கு ஒண்ணுமே தெரியலீங்களே!” என்று தார்ப்பாய்க்குள்ளிருந்து ஏகாம்பரம் கத்தினான்.

“உனக்கு எதுக்குத் தெரியணும்? லைட்டுதான் எரியுதே!”

ஆனாலும் அண்ணன் பிடிவாதக்காரன், கண் தெரியாமல் வண்டியைக் கிளப்ப மாட்டேன் என்றுவிட்டான். அதனால் காரை நியூட்ரலில் போட்டு, மாசிலாமணியும் குப்புராஜும் பின்னாலிருந்து தள்ள, நல்லதம்பி முன்னால் கை தட்டிக்கொண்டே நடந்தார். வலப்பக்கம் திரும்ப ஒரு தட்டு, இடப்பக்கம் திரும்ப இரண்டு தட்டு. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழுத்தில் மாலையோடு, தன்னுடைய கல்யாணக் காரைத் தானே மலையேற்றிக்கொண்டிருந்தான் மாசிலாமணி. ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை, “ஆண்டவனே, ஆவணி வரைக்கும் தள்ளிப்போட்டுடாதே” என்று வேண்டினான். காரும் தள்ளத் தள்ளத்தான் போயிற்று.

பதினொன்றே காலுக்கு ஏழாவது வளைவில் இருந்தார்கள். மலையில் இருந்தது பன்னிரண்டு வளைவு.

அப்போது மேலேயிருந்து மஞ்சள் விளக்கு இரண்டு வந்தது. ஜீப் நின்றது. முகூர்த்தப் புடவையும் தலை நிறையப் பூவுமாக இறங்கினாள் வளர்மதி. மாப்பிள்ளையைக் காணோம் என்று மண்டபத்தில் ஆளுக்கு ஆள் கையைப் பிசைந்துகொண்டிருக்க, அவள் சமையல்கட்டு வழியாக நழுவி வந்துவிட்டாள்.

கறுப்பாக ஏதோ ஒன்று உள்ளே வெளிச்சம் வைத்துக்கொண்டு ஊர்ந்து வருவதைப் பார்த்து முதலில் யானைக்குட்டி என்றுதான் நினைத்தாளாம். பின்னாலிருந்து மாசிலாமணி தலையை நீட்டியதும் யானை இல்லை என்று தெரிந்தது.

“என்னங்க இது?”

“லைட்டு எரியணும்ல, அதுக்குத்தானுங்க,” என்றான் அவன். வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

முழுக்கதையையும் கேட்டாள். தார்ப்பாயைச் சுருட்டி எறிந்தாள், காருக்குள் கையை விட்டாள், திருகை ஒரு திருகு திருகினாள். விளக்கு இரண்டும் பனியைப் பிளந்துகொண்டு எரிந்தன. பின்னால் சிவப்பும் எரிந்தது.

“ஐயோ! கை வைச்சுட்டாங்க!” என்று குப்புராஜ் அலறினான்.

நல்லதம்பி கையை உயர்த்தி அவனை அடக்கினார். “பொறு மாப்ளே. முதலாளி நம்மளைத்தானே கை வைக்கக் கூடாதுன்னாரு? இந்தப் பொண்ணு கழுத்துல இன்னும் தாலி ஏறல. அதுவரைக்கும் அது அடுத்த வீட்டுக் கை. தாராளமா வைக்கலாம்.”

எல்லாருக்கும் மனசு நிறைந்தது. வளர்மதி மட்டும் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தாள். பிறகு, “என் ஜீப்போட சிவப்பு விளக்கைப் பாத்துக்கிட்டே வாங்க. விட்டுராதீங்க,” என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

விடுவார்களா? அவள் வந்த வழியே திரும்பி, மண்டபத்துப் பின்வாசல் வழியாகச் சமையல் கொட்டகைக்குள் ஜீப்பை நிறுத்தினாள். இவர்களும் அதே கொட்டகைக்குள் வந்து நின்றார்கள். முன்வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்டுகள் நின்றபடியே இருக்க, மாப்பிள்ளை சாம்பார் அண்டாவுக்கும் வாழையிலைக் கட்டுக்கும் நடுவே இறங்கி, கரண்டியோடு நின்ற சமையல்காரரிடம் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு மேடைக்குப் போனான்.

மணி பதினொன்று ஐம்பது. மந்திரம் ஓடியது. மேளக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயாராக அய்யர் முகத்தையே பார்த்திருந்தார். மாசிலாமணி தாலியைக் கையில் வாங்கினான்.

“நிறுத்துங்க!” என்று ஒரு குரல். குப்புராஜ்தான். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. “வெளியில வெயிலடிச்சிருச்சு. கார்ல லைட்டு இன்னும் எரியுது. அணைய மாட்டேங்குது!”

காரின் இன்ஜினும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அணைக்கச் சொல்லி ஏகாம்பரத்திடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

“இருக்கட்டும்யா, தாலி கட்டட்டும்!” என்றார் பெண்ணின் அப்பா.

“கட்டிட்டா பொண்ணு கையும் எங்க கையாயிருமுங்களே சம்பந்தி,” என்று நல்லதம்பி விளக்கினார். “அப்புறம் அந்த லைட்டை யாரு அணைக்கிறது? முதலாளிக்கு நாங்க என்ன பதில் சொல்றது?”

மாசிலாமணி தாலியைக் கீழே இறக்கினான். அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் கடிகாரத்தைப் பார்த்ததும் உதடு பிதுங்கியது. அந்த முகத்தை வளர்மதி பார்த்தாள். இந்த மனுஷன் காரைத் தள்ளிக்கொண்டே பன்னிரண்டு வளைவும் ஏறி வந்திருப்பான், அது மட்டும் நிச்சயம் என்று அவளுக்குத் தோன்றியது.

எழுந்தாள். புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, சமையல் கொட்டகைக்கு ஓடினாள். திருகைப் பழைய இடத்துக்கே திருப்பினாள், இன்ஜினை அணைத்தாள், ஓடி வந்து மணையில் உட்கார்ந்தாள். “ம்… கட்டுங்க,” என்றாள்.

பதினொன்று ஐம்பத்தெட்டு. கெட்டிமேளம். மாசிலாமணி மூன்று முடிச்சோடு சேர்த்து நான்காவதாகவும் ஒன்று போட்டான், எதற்கும் இருக்கட்டும் என்று.

அதன்பிறகு போட்டோ. நான்கு பேரையும் பெண்ணோடு வரிசையாக நிறுத்தினார் போட்டோகாரர். “மண்டபத்துல வெளிச்சம் கம்மி. ஒண்ணும் பயப்படாதீங்க, லைட்டு தானா எரியும்,” என்றார்.

“தானாவா?” என்றார் நல்லதம்பி.

“தானாத்தாங்க.”

நான்கு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சேர்ந்தாற்போலக் கண்ணை இறுக்கி மூடினார்கள்.

பளீர்!

மூடிய இமைக்குள்ளேயே தெரிகிற அளவுக்கு வெளிச்சம்.

“பாத்தீங்களாடா!” என்று நல்லதம்பி ஆனந்தத்தில் கத்தினார். “காலையிலேயே சொன்னேனா இல்லையா? இந்தப் பய கண்ணைத் திறந்துதான் கெடுத்தான்! யாரும் திறக்காதீங்க, இன்னும் எரியட்டும்!”

யாரும் திறக்கவில்லை. அந்த ஆல்பத்தில் நூற்றுப்பத்து படம். நூற்றுப்பத்திலும் நான்கு ஆம்பளைகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக நிற்கிறார்கள். பெண்ணுக்கு மட்டும்தான் கண் திறந்திருக்கிறது. அதுவும் கடைசிப் படத்தில் இல்லை. ஏன் என்று கேட்டால், “எல்லாரும் மூடியிருக்கும்போது நான் ஒருத்தி திறந்து அணைஞ்சு போச்சுன்னா?” என்கிறாள் வளர்மதி.