குருவம்மாவின் அளவு

அந்தக் காலத்தில் பறவையும் மிருகமும் மனிதரோடு சரிசமமாகப் பேசிக்கொண்டிருந்தன. நீலச் சாயம் தரும் அவுரிச் செடி காடாக மண்டிக் கிடந்த ஒரு மலையடிவாரத்தில், பெண்கள் எல்லாரும் கெட்டியான நீலத் துணியில் ஜீன்ஸ் போட்டிருந்தார்கள். முள்ளில் இறங்கினாலும் பாறையில் உரசினாலும் கிழியாத துணி அது. ஊர் முழுக்க ஒரே வெட்டு, ஒரே அளவு. தைத்தவள் மருதாயி.

மருதாயிக்குக் குருவம்மா என்று ஓர் அக்கா இருந்தாள். தாயில்லாத தங்கையைத் தோளில் போட்டு வளர்த்தவள். நெடுநெடுவென்று உயரம், சிறுத்த இடுப்பு. சரிவில் இறங்கும்போது ஒரு காலை லேசாக வீசிப் போட்டு நடப்பாள். ஒரு மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

மருதாயி அக்காவின் ஜீன்ஸைப் பலகைமேல் விரித்து, ஓரம் ஒட்டிக் கரிக்கோடு இழுத்து, அந்தக் கோட்டோடு பலகையை அறுத்து வைத்துக்கொண்டாள். அதன்பின் யார் துணி கொண்டுவந்தாலும் அந்தப் பலகையை வைத்துத்தான் வெட்டினாள். காலையில் பெண்கள் அவுரிக்காட்டுக்குப் போகும்போது வாசலில் நின்று பார்ப்பாள். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாருமே அக்கா.

ஒருநாள் இதைத் தன் தோழி சடைச்சியிடம் சொல்லியும்விட்டாள். சடைச்சி மற்றவர்களிடம் சொன்னாள். கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். அதற்குப் பிறகு ஜீன்ஸ் பொருந்தவில்லை என்று ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

குட்டையானவள் கீழே நாலு மடிப்பு மடித்துவிட்டு நடந்தாள். ஒல்லியானவள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டாள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி பொத்தானைக் கழற்றிவிட்டு மேலே துண்டைச் சுற்றி மறைத்துக்கொண்டாள். சடைச்சிக்கு அகன்ற இடுப்பு, திரண்ட தொடை. மல்லாந்து படுத்து, மூச்சைப் பிடித்துத்தான் ஜீன்ஸை ஏற்றுவாள். காட்டில் எல்லாரும் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது அவள் மட்டும் நிற்பாள்.

“உட்காரேன்டி” என்றால், “எனக்கு நின்னு குடிச்சாத்தான் இறங்கும்” என்பாள்.

மருதாயி வீட்டு அத்திமரத்தில் ஒரு தையல்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருந்தது. அது ஒருமுறை கேட்டது: “மருதாயி, நீ ஆளைப் பார்த்துத் தைக்கிறதே இல்லையே?”

“உன் இலையைப் பாரு” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள் மருதாயி.

வெயில் கொளுத்திய ஒரு பகலில், அவுரிக் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு ஓடைப் பாறைகளில் இறங்கினாள் சடைச்சி. தாழ இருந்த பாறையில் கால்வைக்க முழங்காலை மடக்கப் பார்த்தாள். துணி விடவில்லை. உருண்டு விழுந்தாள். கழுதைதான் அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு மருதாயி வீட்டுக்கு வந்தது.

“குலுங்காமத்தான் கொண்டாந்தேன், மருதாயி. கால் ஒடிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்” என்றது கழுதை.

வைத்தியச்சி வந்து பார்த்தாள். “உருவி எடுக்க முடியாது. துணியை வெட்டு.”

மருதாயி கத்தரியை எடுத்தாள். தான் போட்ட தையலைக் கணுக்காலிலிருந்து இடுப்புவரை தானே வெட்டிக்கொண்டு போனாள். பட்டியைப் பிரித்ததும் கை நின்றுவிட்டது. சடைச்சியின் வயிற்றைச் சுற்றி ஒரு வளையம். கன்றிப்போன சிவப்பு, அதற்கடியில் ஆறிக் கறுத்த பழைய புண்.

“எத்தனை நாளாடி இது?”

“விடு. நான் வலியில கிடக்கேன், நீ என்னென்னமோ கேக்குறே.”

“ஏண்டி என்கிட்ட சொல்லலே?”

சடைச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “எங்களைப் பார்த்தா உன் அக்காவைப் பார்க்கிற மாதிரி இருக்குன்னியே. அதை எப்படிடி உன்கிட்டயிருந்து பிடுங்கறது?”

காலை நேராக நிறுத்திக் கட்ட இரண்டு மரப்பத்தை வேண்டும் என்றாள் வைத்தியச்சி. யாரோ மூங்கில் தேடி ஓடப் போனார்கள். “இருங்க” என்றாள் மருதாயி.

உள்ளே போய் அந்தப் பலகையை எடுத்தாள். ஓரங்களை ஒருமுறை விரலால் தடவினாள். பிறகு அரிவாளை வைத்து ஒரே போடு. நெடுக்காக இரண்டாகப் பிளந்தது. சிராய் குத்தாமல் இழைத்து, துணி சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அது என்ன பலகை என்று சடைச்சிக்குப் பார்த்ததும் தெரிந்தது. “பைத்தியக்காரி” என்று சொல்லி அழுதாள்.

“அக்கா இருந்திருந்தா அவளே பிளந்திருப்பா. அசையாம படு.”

சடைச்சி எழுந்து நடமாட வேண்டிய நாள் வந்தது. கட்டுப் போட்ட காலுக்கு எந்தத் துணியை எப்படி வெட்டுவது? அளவுப் பலகை இல்லாமல் மருதாயிக்குக் கை ஓடவில்லை. அத்திமரத்தடியில் போய் நின்றாள்.

தையல்சிட்டு பழசை மனசில் வைத்துக்கொள்ளவில்லை. “இலை எந்தப் பக்கம் வளையுதோ அந்தப் பக்கமாவே தைப்பேன். வேற வித்தை எனக்குத் தெரியாது” என்றது.

மருதாயி ஒரு நூலை எடுத்துக்கொண்டு சடைச்சியிடம் போனாள். இடுப்பைச் சுற்றி, தொடையைச் சுற்றி, முழங்காலைச் சுற்றி அளந்தாள். “உட்காரு. இப்போ எந்திரி” என்று பார்த்துப் பார்த்து முடிச்சுப் போட்டாள். இடுப்பில் தாராளம், முழங்காலுக்குக் கீழே மணிபோல விரித்தாள். சடைச்சி அதைப் போட்டுக்கொண்டு கட்டுப் போட்ட காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, இரண்டு கும்பா கஞ்சி குடித்தாள்.

மறுநாளே மற்றவர்களும் வந்து நின்றார்கள். குட்டையானவளுக்குக் கணுக்காலோடு நிறுத்தினாள். முட்செடிக்குள் நுழைகிற ஒல்லிப் பெண்ணுக்குக் காலோடு ஒட்டத் தைத்தாள். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பட்டியைத் தொப்புளுக்கு மேலே ஏற்றி, இழுத்தால் நீளும்படி விட்டாள். வயசான ஒருத்திக்கு இடுப்பிலிருந்து பாதம்வரை நேராக இறக்கினாள். கொடுக்கும்போது ஒவ்வொருத்தியிடமும் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்: “இறுக்கிப் பிடிச்சா பிடிக்குதுன்னு சொல்லணும். என் முகத்துக்காகப் பொறுத்துக்கக் கூடாது.”

அடுத்த காலையில் பெண்கள் சரிவில் இறங்கியபோது வாசலில் நின்று பார்த்தாள். ஒருத்திகூட அக்காவைப் போல இல்லை. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர்கள் வளைவில் மறையும்வரை நின்றிருந்தாள்.

அன்று முதல்தான் பெண்களின் ஜீன்ஸ் ஒட்டினாற்போலவும் நேராகவும் பெல்பாட்டமாகவும், இடுப்பு ஏறியும் இறங்கியும் பல வெட்டுகளில் வருகிறது. அன்று முதல்தான் கடையில் ஜீன்ஸைப் போட்டுப் பார்க்கிற பெண், திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி நின்று, கூட வந்தவளிடம், “உண்மையைச் சொல்லுடி, எப்படி இருக்கு?” என்று கேட்கிறாள்.