கேமராவின் மேல் போட்ட துண்டு

ஏழாம் மாதத்திலேயே பிறந்த ஒரு பெண் குழந்தைக்காக மூன்று பேர் மோதிக்கொண்ட கதை இது. மூவரும் அவளுடைய நன்மையைத்தான் சொன்னார்கள். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

தென்காசிப் பக்கம் ஒரு மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகளின் தோல் வெங்காயச் சருகு போன்றது. நாடித்துடிப்புப் பார்க்கும் பட்டையை ஒட்டி எடுத்தால் தோலும் கூடவே வந்துவிடும். அதனால் தலைமை மருத்துவர் சிவசைலம் ஒவ்வொரு கட்டிலுக்கு மேலும் கேமரா பொருத்தினார். முகத்தின் நிறமாற்றத்தையும் நெஞ்சின் அசைவையும் பார்த்து, தொடாமலே துடிப்பையும் மூச்சையும் அது சொல்லிவிடும். நல்ல ஏற்பாடுதான்.

குழந்தையின் தாய் இசக்கியம்மாள் பீடி சுற்றுகிறவள். தினமும் சில மணி நேரம் பிள்ளையை வெற்று மார்பில் போட்டுச் சூடு கொடுப்பாள். ஒருநாள் காலை கையெழுத்து வாங்க அலுவலக அறைக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். சுவரில் பெரிய திரை. அதில் பக்கத்துக் கட்டில்காரி, திறந்த மார்போடு. எதிரே இரண்டு ஆண்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தவள் ஸ்டூலில் ஏறித் தன் துண்டைக் கேமராவின் மேல் போட்டாள்.

செவிலி ஜெபக்கனி ஓடி வந்து காரணம் கேட்டாள். கேட்டபின் துண்டை எடுக்கவில்லை. பழைய பட்டையைப் பிள்ளையின் பாதத்தில், ஒட்டாமல், துணியால் தளரச் சுற்றிக் கட்டினாள். கருவியில் எண்கள் ஓடத் தொடங்கின. அருகிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

சிவசைலம் வந்தார். துண்டை இழுத்து எறிந்தார்.

"பிள்ளை உயிரைவிட உனக்கு மானம் பெருசாப் போச்சா?"

"எங்க மாரும் கேமராவில தெரியும்னு ஒரு வார்த்தை சொன்னீயளா சார்?" என்றாள் இசக்கியம்மாள்.

"மெஷின்தாம்மா பாக்குது."

"அங்க டீ குடிச்சதும் மெஷினா?"

மாலையில் ஜெபக்கனிக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

மறைத்த தாய், அந்த மறைப்பை விட்டுவைத்த செவிலி, உயிரின் பேரால் அதைப் பறித்த மருத்துவர். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: உயிர் என்ற சொல்லைக் கேட்டதும் பலர் மருத்துவர் பக்கம் சாய்வார்கள். ஆனால் அவர் துண்டை இழுத்தபோது பிள்ளையின் துடிப்பு பக்கத்துக் கருவியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் காத்தது உயிரை அல்ல, தன் ஏற்பாட்டை. தாயின் கோபம் முழுக்க நியாயம். ஆனால் துண்டு மட்டும் போதாது, பிள்ளையின் மூச்சைப் பார்க்க ஆள் வேண்டும். மானத்தையும் உயிரையும் சேர்த்துக் காத்தவள் ஜெபக்கனி. மெமோவுக்கு அவள் எழுதிய பதில் ஒரே வரி: "எண்கள் தெரிந்தால் போதும், படம் எதற்கு?" மறுநாள் பத்தே நிமிடத்தில் திரையில் படத்தை நிறுத்தி எண்களை மட்டும் ஓடவிட்டார்கள். இவ்வளவு சுலபமான வேலை! அதுவரை எத்தனை தாய்மார் அந்தத் திரையில் கிடந்துவிட்டுப் போனார்களோ!