காலி நாற்காலியில் உட்கார்ந்த ராஜா

வருஷத்தில் பாதி நாள் மழையும், மீதி நாள் மழை வரப்போகிறது என்ற பேச்சுமாக இருக்கும் ஸ்காட்லாந்து தேசத்தை ஒரு காலத்தில் டூகல் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் தன்னை யாரோ மதிக்கவில்லை என்ற சந்தேகம் அவனுக்குத் தூக்கத்திலும் உண்டு. அந்தச் சந்தேகத்துக்குத் தீனி போடவே பக்கத்தில் மர்டாக் பிரபு இருந்தார்.

ராஜாவின் அம்மா மரியோட்டா ராணி தன் காலத்தில் ஆற்றங்கரையில் ஒரு துறவு மடம் கட்டி, ஆற்றையும் அதன் மீனையும் மடத்துக்கே எழுதி வைத்திருந்தாள். துறவிகளுக்கும் வாசலில் வந்து நிற்கும் ஏழைகளுக்கும் அந்த மீன்தான் சாப்பாடு. ராணி இறந்து ஆறு வருஷம். அடக்கம் செய்ததும் அந்த மடத்துக் கோயிலில்தான். மர்டாக்குக்கோ அந்த ஆற்றின் மேல் வெகுநாளாக ஒரு கண்.

ஒருநாள் வேட்டைக்குப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. ராஜாவும் மர்டாக்கும் சேறும் சகதியுமாக மடத்துக்குள் நுழைந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு வேளை. அந்த வேளையில் ஒரு துறவி வேதம் வாசிப்பார். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. கைச்சாடைதான். மடாதிபதி எழுந்து வணங்கி, தன் வலப்பக்கத்து இடத்தைக் காட்டினார்.

ஆனால் நடுவில் ஓர் உயரமான நாற்காலி காலியாக இருந்தது. அதன் முன்னால் வெள்ளைத் துணி, எரியும் மெழுகுவத்தி, சுட்ட சால்மன் மீன், ரொட்டி, வாற்கோதுமைக் கஞ்சி.

"அது யாருக்கு?" என்றான் ராஜா. மடாதிபதி, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினார்.

மர்டாக் காதோடு சொன்னார்: "பார்த்தீர்களா மகாராஜா? உங்களுக்கு ஓரத்து இடம். நடு நாற்காலி வேறு யாருக்கோ! உங்கள் சிம்மாசனத்துக்கு ஆசைப்படும் சித்தப்பா மகன் இந்தப் பக்கம்தான் சுற்றுகிறானாம்."

அவ்வளவுதான். ராஜா விறுவிறுவென்று போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கோபத்தோடு கோபமாக எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தான். முள்தான் மிச்சம்.

"என்னைவிட இந்த நாற்காலிக்கு உரியவர் யார்? வாசிப்பவர் புத்தகத்தை மூடுவதற்குள் அந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இன்றோடு ஆறு மர்டாக்குக்கு!"

மடாதிபதியின் முகம் வெளுத்தது. அப்போது சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தார் சகோதரர் நினியன். மடத்துச் சமையல் பார்க்கும் துறவி. விதியை மீறி அவர் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ராஜாவின் முகத்துக்கு நேரே அதைச் சொன்ன தலை கழுத்தில் நிற்குமா? நினியன் குனிந்து வணங்கிவிட்டு வாசலுக்குப் போனார். நனைந்துபோய் நின்ற ஒரு பெண்ணை மரக்கிண்ணமும் கையுமாக அழைத்து வந்தார். கம்பளி துவைத்துத் துவைத்துக் கை முடங்கிப்போன எல்ஸ்பெத்.

"இந்தப் பிச்சைக்காரியா!" என்று மர்டாக் சிரித்தார்.

எல்ஸ்பெத்துக்கு ராஜாவை அடையாளம் தெரியவில்லை. சேற்றில் புரண்ட ஆளை யார் ராஜா என்பார்கள்? அவள் காலித் தட்டைத்தான் பார்த்தாள்.

"அடடா, சாப்பிட்டுட்டீங்களா அண்ணே? பரவாயில்லை. இந்த மழையில உங்களுக்கும் பசிதானே. நான் நேத்து சாப்பிட்டேன்."

ராஜாவின் குரல் இறங்கியது. "இது யாருடைய சாப்பாடு?"

"தெரியாமலா சாப்பிட்டீங்க? மரியோட்டா ராணியம்மா இறந்த நாள் இன்னைக்கு. அவங்க பங்கை அவங்க நாற்காலி முன்னால வச்சு, அப்புறம் வாசல்ல நிக்கிற ஏழைக்குக் கொடுப்பாங்க. அந்தம்மாவே சொல்லிட்டுப் போன ஏற்பாடு. பாவம், அவங்க மகன் அரண்மனையில இன்னைக்குப் பச்சைத் தண்ணிகூடக் குடிச்சிருக்க மாட்டாரு."

நம் ஊரில் திதி கொடுப்பது போலத்தான். துறவிகள் மறக்கவில்லை, பெற்ற மகன் மறந்துவிட்டு மான் வேட்டைக்குப் போயிருக்கிறான். போதாததற்குப் படையலையும் பிடுங்கித் தின்றிருக்கிறான். ராஜாவுக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"ஆனா ஒண்ணு அண்ணே, சாப்பிட்டவங்க அவங்க மகனுக்காக வேண்டிக்கணும். வேண்டிக்கிட்டீங்களா?"

"என்னவென்று வேண்டணும்?"

"'என் மகன் அடுத்தவங்க சாப்பாட்டுல கை வைக்காத ராஜாவா இருக்கணும்.' அதுதான் அந்தம்மா சொல்லிக் கொடுத்தது."

ராஜா அதை ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். வாசித்த துறவி புத்தகத்தை மூடினார்.

ராஜா எழுந்து எல்ஸ்பெத்தை அந்த நாற்காலியில் உட்கார வைத்து, தானே சமையற்கட்டிலிருந்து மீன் கொண்டுவந்து பரிமாறினான். "மகாராஜா, நீங்களா இந்த வேலை!" என்று மர்டாக் பதறிய பிறகுதான் அவளுக்கு ஆள் யாரென்று தெரிந்தது. கையிலிருந்த ரொட்டி நழுவியது.

"சாப்பிடு தாயே. வெட்கப்பட வேண்டியவன் நான்," என்றான் ராஜா. பிறகு மர்டாக்கிடம் திரும்பினான். "ஆறு இனியும் மடத்துக்கே. உனக்குத்தான் அதன் மேல் ஆசையாயிற்றே, ஒரு வருஷம் இந்தச் சமையற்கட்டுக்கு ஆற்றுத் தண்ணீர் சுமந்து ஊற்று!"

நினியனைப் பார்த்து, "நீயே ஏன் சொல்லவில்லை?" என்றான்.

"சாப்பாட்டு வேளையில் எங்களுக்கு வாய் கிடையாது மகாராஜா. வாய் இருக்கிற ஆளாகப் பார்த்துக் கூட்டி வந்தேன்."

"என்ன பரிசு வேண்டும், கேள்."

"அடுத்த வருஷம் இதே நாளில் வாருங்கள். பசியோடு வாருங்கள்."

ராஜா வந்தான். குதிரையில்லாமல், வாசலில் நின்ற ஏழைகளுக்குப் பின்னால், கடைசி ஆளாக நின்றான். முன்னால் நின்ற எல்ஸ்பெத் திரும்பிப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"இன்னும் இல்லை," என்றான் ராஜா, தலையை நிமிர்த்தாமலேயே.