தல ஆடக்கூடாது

மஞ்சக்குறிச்சி நையாண்டி மேளக்காரர்களைப் பற்றி நான் எது சொன்னாலும், கூட்டிச் சொல்லுகிறேன் என்கிறார்கள். குறைத்துத்தான் சொல்லுகிறேன். கூட்டிச் சொல்ல அவர்கள் எனக்கு இடமே வைக்கவில்லை.

மொத்தம் நாலு பேர். நாயனம் வாசிக்கும் சொரிமுத்துதான் மேளத்துக்குத் தலைவர். 'தலைவர்' என்று முழுசாகக் கூப்பிடச் சோம்பல்பட்டு மற்ற மூவரும் 'தல' என்று சுருக்கினார்கள். போகப்போக அவர் பெண்சாதியே அப்படித்தான் கூப்பிட்டாள். நாயனத்தை வாயிலிருந்து எடுக்காமல் அவர் போடும் ஆட்டத்தைப் பார்க்கவே கோயில் கொடை விழாவுக்குக் கூட்டம் சேரும். மற்றவர்கள், தவில் மாடக்கண்ணு, பம்பை சங்கிலி, தாளம் பேச்சிமுத்து.

ஒரு கொடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மாடக்கண்ணு தவிலோடு மல்லாந்து விழுந்தான். எழுந்தான், மறுபடி விழுந்தான். கூட்டம் அதையும் ஆட்டம் என்று நினைத்துக் கைதட்டியது. மறுநாள் வீட்டிலும் விழுந்தான். அங்கே யாரும் கைதட்டாததால்தான் சீக்கு என்று புரிந்தது.

டவுன் டாக்டர் அவன் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் பேச்சிமுத்து கணக்குப் போட்டான். "தலைக்கு ஒண்ணுன்னா ஆளுக்கு ஒண்ணு. நாம எல்லாருமே எடுக்கணும்லே."

"விழுந்தது அவன் ஒருத்தன்தானே?" என்றான் சங்கிலி.

"கூடவே இருக்கோம்லா. ஒட்டிக்கிடும்னு டாக்டர் நினைச்சிருப்பாரு."

மண்டைக்குள் என்னவோ, ஏதோ, இனிமேல் தவிலைத் தொட முடியுமோ முடியாதோ என்று மாடக்கண்ணு சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். சொரிமுத்து அவன் தோளில் கையைப் போட்டு, "நான் இருக்கேம்லே" என்றார். அந்த வார்த்தையை அவர் எப்படிக் காப்பாற்றினார் என்பதுதான் இந்தக் கதை.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ஜெபராஜ் என்று ஒரு ஆபரேட்டர். நல்ல பிள்ளை, பொறுமைசாலி. சீட்டைப் பார்த்துவிட்டு மாடக்கண்ணுவுக்கு மட்டும்தான் ஸ்கேன் என்று சொல்லி மற்றவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்தார்.

"அண்ணாச்சி, உள்ள பெரிய காந்தம் இருக்கு. சங்கிலி, மோதிரம் எதுவும் உள்ள வரக்கூடாது, கேட்டேளா?"

சங்கிலிக்கு முகம் சுண்டிவிட்டது. "நான் என்ன செஞ்சேன்? வந்ததும் வராததுமா என் பேரைச் சொல்லித் தடுக்காரு!"

"விடு. உன்னை மட்டுமா சொன்னாரு? மோதிரத்தையும்தான் வரக்கூடாதுன்னுட்டாரு" என்று சமாதானப்படுத்தினான் பேச்சிமுத்து.

"மோதிரம் யாரு?"

"யாரோ பாவம், நம்மளை மாதிரி வந்திருப்பான்."

ஜெபராஜ் மாடக்கண்ணுவை மெஷினில் படுக்கவைத்தார். "டக்கு டக்குன்னு சத்தம் கேக்கும், பயப்படாதீங்க. ஒண்ணே ஒண்ணுதான் முக்கியம். தல ஆடக்கூடாது."

"அதை வெளிய போய் அவர்ட்டச் சொல்லுங்க சார். நான் சொன்னா கேக்கமாட்டாரு" என்றான் மாடக்கண்ணு.

கூட வந்தவர்களிடமும் சொன்னால் நோயாளிக்குத் தைரியமாக இருக்கும் போல என்று நினைத்து, ஜெபராஜ் கதவைத் திறந்து சொன்னார். "தல ஆடாம இருக்கணும் அண்ணாச்சி. ஆடினா எல்லாம் கெட்டுச்சு."

சொரிமுத்து அந்த நிமிஷமே எழுந்து, ஹாலுக்கு நடுவே கைகளைத் தொங்கவிட்டுச் சிலை மாதிரி நின்றார். உள்ளே மெஷின் அடிக்க ஆரம்பித்தது. தவில் அடிக்கிற மாதிரி நல்ல உருட்டு. அவருக்கோ பாதம் இரண்டும் பரபரவென்றது. மாடக்கண்ணுவுக்கு ஏதாவது ஆனால் அவன் பெண்சாதி என்ன செய்வாள் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டார்.

உள்ளே மாடக்கண்ணு, சத்தம் வந்ததும் பயமெல்லாம் பறந்து, தாளத்துக்குத் தோதாகத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தான்.

சற்று நேரத்தில் ஜெபராஜ் வெளியே வந்தார். "என்ன அண்ணாச்சி இது? தல நல்லா ஆடியிருக்கு. படத்துல மூக்கு ரெண்டா வந்திருக்கு!"

சங்கிலியும் பேச்சிமுத்துவும் சொரிமுத்துவைப் பார்த்த பார்வையில் அவர் கூனிப்போனார்.

"தல, ஆடுனீங்களா?" என்றான் சங்கிலி.

"ஆடலைடே. மூக்குல ஒரு ஈ உக்காந்துச்சு. கொஞ்சம் சுளிச்சேன்."

"அதான் மூக்கு கெட்டுப்போச்சு" என்றான் பேச்சிமுத்து. "நீங்க இங்க சுளிச்சா அவனுக்கு அங்க ரெண்டாகுது. பெரிய மெஷின்லா. சுவரு தாண்டியும் பிடிச்சிருது."

சொரிமுத்துவுக்குக் கண் கலங்கியது. "என்னைக் கட்டிப்போடுங்கடே" என்றார்.

ஹாலில் ஒரு தூண் இருந்தது. தோளில் கிடந்த துண்டுகளையெல்லாம் முடிச்சுப் போட்டு, கணுக்கால், இடுப்பு, நெஞ்சு, கழுத்து என்று வரிசையாகக் கட்டினார்கள். நெற்றியை மட்டும் சங்கிலி தன் உள்ளங்கையால் தூணோடு அழுத்திக்கொண்டான். கன்னத்தில் வழிந்த கண்ணீரைப் பேச்சிமுத்து துடைக்கவில்லை. துடைத்தால் அசையுமே.

இரண்டாம் தடவை எடுத்த படத்தில் காது நாலு.

வெளியே வந்த ஜெபராஜ் தூணைப் பார்த்துத் திடுக்கிட்டார். "இவருக்கு என்ன?"

"ஆடாம இருக்கத்தான் சார்."

இவர் வேறு ஏதோ பெரிய சீக்குக்காரர் போலிருக்கிறது, பாவம், நமக்கெதற்கு என்று நினைத்துக்கொண்டு ஜெபராஜ் பேச்சை மாற்றினார். "படம் முழுசா ஒரே நேரத்துல விழாது அண்ணாச்சி. பூசணிக்காயைக் கீத்துப் போடுத மாதிரி, கீத்து கீத்தா எடுத்து அடுக்கும். நடுவுல தல ஆடிட்டா ஒரு கீத்தோட இன்னொரு கீத்து சேராது. அதனால இப்ப ஒரு கேமரா போடுதேன். தல எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புதுன்னு அது பார்த்துக்கிட்டே இருக்கும். கம்ப்யூட்டர் அதுக்குத் தக்கன படத்தை நேராக்கிடும்."

"அப்ப தல ஆடலாமா சார்?" என்றான் சங்கிலி.

"கொஞ்சம் ஆடினாப் பரவாயில்ல."

அவர் உள்ளே போனதும் கட்டை அவிழ்த்தார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. இடுப்புக்குக் கீழே மட்டும் என்றான் சங்கிலி. ஒரு பாட்டுக்கு மட்டும் என்றான் பேச்சிமுத்து.

"எனக்குக் கொஞ்சமா ஆடத் தெரியாதுடே. ஒண்ணு ஆடுவேன், இல்ல நிப்பேன்" என்றார் சொரிமுத்து. மெஷின் உருட்டத் தொடங்கியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அந்த ஹாலில் அப்படி ஒரு ஆட்டத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. முழங்காலுக்குப் படம் எடுக்க வந்திருந்த ஒரு ஆச்சி, முழங்காலை மறந்து எழுந்து நின்று பார்த்தாள்.

இந்தத் தடவை படம் கண்ணாடி மாதிரி வந்தது.

"தல ஆடினதெல்லாம் சரியாயிட்டு!" என்று சிரித்துக்கொண்டே வந்தார் ஜெபராஜ்.

"ஆடுன ஆட்டம் அப்படி சார்" என்றான் சங்கிலி பெருமையாக.

டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாடக்கண்ணு பேச்சிமுத்துவின் விரல்களை நசுக்கிக்கொண்டிருந்தான்.

"மூளையில ஒரு கோளாறும் இல்ல. காதுக்குள்ள இருக்க சின்னப் பிரச்சினைதான் கிறுகிறுப்புக்குக் காரணம். மாத்திரை சாப்பிடுங்க. தவிலு தாராளமா வாசிக்கலாம்."

மாடக்கண்ணு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். சங்கிலியும் அழுதான். சொரிமுத்து மாடக்கண்ணுவைக் குனிந்து பார்க்க நினைத்தார், முடியவில்லை. தூணில் கட்டியதும் அதற்குப் பிறகு போட்ட ஆட்டமும் சேர்ந்து கழுத்து இறுகிப்போயிருந்தது. யாரையாவது பார்க்கவேண்டுமானால் லாரி திரும்புகிற மாதிரி மொத்தமாகத் திரும்பினார். விரல்களும் மரத்துப்போனதாகச் சொன்னார்.

டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எதுக்கும் இவருக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துருவோம்" என்றார்.

ஜெபராஜ் சொரிமுத்துவைப் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்தார். "கழுத்துக்கு எடுக்கும்போது அந்தக் கேமரா உதவாது அண்ணாச்சி. அதனால முதல்ல சொன்னதுதான். தல இம்மியும் ஆடக்கூடாது" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தல உள்ள இருக்காரே, வெளிய யாருலே ஆடாம நிக்கது?" என்றான் மாடக்கண்ணு.

"தல உள்ள போயிட்டா, வெளிய இருக்கதுல ஒருத்தன் தலயாகணும்" என்றான் பேச்சிமுத்து. "சங்கிலி, நீ இரேன்."

"எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு. அந்தத் தூணு என்ன பண்ணுச்சுன்னு பார்த்தேல்லா? நீ இரு."

"நான் தாளம் போடுதவன். என்னை யாரு தலன்னு ஒத்துக்கிடுவா? மெஷினை ஏமாத்த முடியுமாலே?"

மாடக்கண்ணு குறுக்கிட்டான். "தலன்னா யாரு? அவர் சொன்னா எல்லாரும் கேக்கணும். இங்க யாரு சொன்னா நாம எல்லாரும் கேக்கோம்?"

மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். தண்ணீர் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டே ஜெபராஜ் வந்துகொண்டிருந்தார்.

பழகின கை. இந்தத் தடவை நேரமே ஆகவில்லை. கணுக்கால், இடுப்பு, நெஞ்சு.

"அண்ணாச்சி! என்ன பண்ணுதீங்க? நான் போய் பட்டனை அமுக்கணும்!"

"பேசாதீங்க தல, தாடை ஆடுது" என்று மாடக்கண்ணு பாசத்தோடு அவர் வாயில் துண்டைக் கட்டினான். சங்கிலி நெற்றியை அழுத்திக்கொண்டான்.

உள்ளே சொரிமுத்து கண்ணை மூடி, கல் மாதிரி கிடந்தார். வெளியே ஜெபராஜும் அசையவில்லை. வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை.

பேச்சிமுத்து கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, முகமெல்லாம் பூரித்துத் திரும்பினான்.

"பார்த்தியாலே! புதுத் தல ஆடாம நிக்கதைப் பார்த்து மெஷினே அடங்கிப்போச்சு. இந்தத் தடவை படம் அம்சமா வரும்!"