கலையன் யார் ஆள்?

கலையன் என்ற மான் குட்டைக்கரை அணிக்காகக் கால்பந்து ஆடியது. பனங்காய்தான் பந்து. சுருளி என்ற கீரி எல்லோருடைய காலுக்கும் நடுவே புகுந்து பந்தைத் தட்டிக் கொண்டுவந்து கலையன் முன்னால் போடும். ஒரே உதை, கோல்! பெயர் யாருக்கு? கலையனுக்குத்தான். கீரியை யார் பார்த்தார்கள்!

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கால் ஓய்ந்த ஆட்டக்காரரை ஏதாவது ஓர் அணி "எங்க ஆள்" என்று சொல்ல வேண்டும். சொன்னால், கோடையில் அந்த அணியின் தண்ணீரில் அவருக்குப் பங்கு உண்டு. சொல்லாவிட்டால் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது.

ஒருநாள் மூங்கில்காட்டு அணி மானைக் கூப்பிட்டது. "எங்க பக்கம் புல் இளசு, வந்துடு!"

"போகாதண்ணே! நாளைக்கு இறுதி ஆட்டம் இருக்கு!" என்று சுருளி கெஞ்சியது.

"நான் யார் ஆளும் இல்லடா! கோல் என் கால்ல இருக்கு!" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு மான் கிளம்பியது. குட்டைக்கரை தோற்றது.

இரண்டு மழைக்காலம் போனது. பாறைமேட்டு அணி அதைவிட இளசான புல்லைக் காட்டியது. மான் மூங்கில்காட்டில் சொல்லிக்கொள்ளாமலே அங்கே போய்விட்டது. குட்டைக்கரைக்கு எதிராகவே கோல் போட்டு, சுருளியின் முகத்துக்கு நேரே குதித்துக் குதித்து ஆடியது. என்ன திமிர்! அந்தக் குதிப்பில்தான் முழங்கால் மடங்கி முறிந்தது. அதோடு மானின் ஆட்டமே முடிந்தது.

கோடை வந்தது. மான் தண்ணீர் கேட்டுப் போனது.

"நீ மூங்கில்காட்டு ஆள்தானே?" என்றது பாறைமேடு.

"சொல்லாம ஓடினவனை எங்க ஆள்னு எப்படிச் சொல்றது?" என்றது மூங்கில்காடு.

மான் நொண்டி நொண்டிக் குட்டைக்கரைக்கு வந்தது. சேற்றுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர்தான் மிச்சம் இருந்தது.

"சுருளி! எங்க ஆள்னு ஒரு வார்த்தை சொல்லுடா!"

கீரி தன் அணியைத் திரும்பிப் பார்த்தது. யாருமே தலை நிமிரவில்லை.

"நான் யார் ஆளும் இல்லைன்னு நீதானே சொன்னேண்ணே? இவங்க எல்லாரும் கேட்டாங்களே!"

மான் வந்த வழியே திரும்பி நடந்தது.

மழை பெய்ததும் மறுபடி ஆட்டம் தொடங்கியது. சுருளி பந்தைத் தட்டிக் கொண்டுவந்து வேறொரு மானின் முன்னால் போட்டது. காட்டோடையில் வெள்ளம் வந்தபோது கலையனின் எலும்புகளும் இரண்டு கொம்புகளும் அடித்துக்கொண்டு போயின.

கூட ஆடியவர்களை உதறிவிட்டு ஓடுகிறவனுக்கு, கால் ஓய்ந்த அன்று உரிமையோடு போய் நிற்க ஓர் இடமும் இருக்காது.