மூன்று மூலைத் தோட்டம்

“சாமி, என் தோட்டத்துக்கு மூணு மூலைதான் இருக்கு” என்றார் மாசிலாமணி.

“எனக்கு ரெண்டுதான்” என்றார் சந்துச்சாமி.

பொய்யில்லை. தாமிரபரணிக் கரையில் இருக்கும் அந்த ஊரில், அரிசி ஆலைச் சுவருக்கும் பழைய சத்திரத்துச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. அகலம் மூன்றரை அடி. அதில்தான் சாமி இருந்தார். அதிலேயே தோட்டமும் போட்டிருந்தார். நாற்பது வயதுக்காரர். எங்கிருந்து வந்தார், முன்பு என்ன செய்தார் என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் புதினா கிள்ளிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

வீட்டுக்குப் பின்னால் கோணல்மாணலாக இடத்தை வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் அவரைத் தேடி வருவார்கள். அவர் யோசனை என்று ஒன்றைச் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. ஆனாலும் வருவார்கள்.

மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு வயது. பொதுப்பணித் துறையில் முப்பத்தைந்து வருஷம் வரைபடம் போட்டவர். மதகு, பாலம், வாய்க்கால் எல்லாம் அவர் கையால் காகிதத்தில் ஏறிய பிறகுதான் மண்ணில் இறங்கின. ஒரு கோடு பிசகினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு வாய்த்தது முக்கோணத் தோட்டம்.

“வீட்டோரம் பதினெட்டு அடி. போகப் போகக் குறுகிக் கடைசியில, கிணத்துகிட்ட நாலே அடி. அதையும் பாதிக் கிணறு அடைச்சிருது.”

“யாரு போட்ட கோடு?”

“நான்தான் போட்டேன்.”

சாமி கையிலிருந்த பூவாளியைக் கீழே வைத்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்பு மாசிலாமணியும் தம்பி பாபநாசமும் வீட்டைப் பாகம் பிரித்தார்கள். பேச்சு முற்றி வாய் தடித்தது. பெரியவர்கள் வந்து சமாதானம் செய்யும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. கிணறு பின்பக்கத்து மூலையில், அண்ணன் பாகத்தில் இருந்தது. தம்பிக்கும் அதில் பாத்தியதை உண்டு. நேராகச் சுவர் வைத்தால் தண்ணீருக்குத் தம்பி இந்தப் பக்கம் வர வேண்டியிருக்கும். அவன் முகத்தில் முழிக்கவே கூடாது என்று மாசிலாமணி சுவரைச் சாய்வாகக் கொண்டுபோய்க் கிணற்றின் நட்டநடுவில் முடித்தார். பாதிக் கிணறு உனக்கு, பாதி எனக்கு. இடம் போனாலும் போகட்டும் என்றார். போய்விட்டது.

“இப்ப என்ன வேணும், அண்ணாச்சி?”

மாசிலாமணி கொஞ்சம் தயங்கினார். பிறகு சொல்லிவிட்டார்.

“என் வீட்டுக்காரி ஒருநாளாவது சாயங்காலம் அங்க வந்து உக்காரணும். மூணு வருஷமாக் கால் வைக்கமாட்டேங்கா. தண்ணி எடுக்கக்கூட நான்தான் போறேன். கேட்டா மூச்சு முட்டுதுங்கா.”

“ம்.”

“இடம் அப்படி, சாமி. நுனி கண்ணுல குத்துது. அதை எப்படியாவது சரி பண்ணணும். அவ வந்து உக்காந்தா எனக்குப் போதும்.”

சாமி எழுந்து சந்துக்குள் நடந்தார். ஒரு வெற்றிலைக்கொடிப் பந்தலுக்குப் பின்னால் மறைந்தார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

“எவ்வளவு தூரம் போனேன்?”

“நூறு அடி இருக்கும்.”

“அளந்து பாருங்க.”

மாசிலாமணி அடி வைத்து அளந்தார். நாற்பதுதான். பாதி வழியில் வெற்றிலைக்கொடி குறுக்கே நின்று முடிவை மறைத்திருந்தது. சந்து எங்கே முடிகிறது என்று தெரியாததால் முடியாத மாதிரியே இருந்தது.

விடுவிடுவென்று வீட்டுக்குப் போனார். தோட்டத்தின் நடுவில் மூங்கில் தட்டி கட்டிச் சங்குப்பூக்கொடி ஏற்றினார். பாதையை வளைத்து அதற்குப் பின்னால் கொண்டுபோனார். இரண்டு மாதத்தில் கொடி மூடி நீலமாகப் பூத்தது. குத்திக்கொண்டிருந்த நுனி எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

மனைவி உலகம்மை அடுக்களை ஜன்னல் வழியே பார்த்தாள்.

“நல்லாருக்கு” என்றாள்.

துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டாள்.

“வரலை, சாமி.”

சாமி சந்தில் மல்லாந்து படுத்தார். பக்கத்தில் இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினார்.

மாசிலாமணி வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். அன்றைக்குப் பார்த்துத் தரையெல்லாம் ஈரம். வேறு வழியில்லாமல் அவரும் படுத்தார்.

ஆலைச் சுவர் மேலே மேலே போயிற்று. எண்ணெய் டின், உடைந்த மண்சட்டி, வாளி என்று கையில் கிடைத்ததையெல்லாம் சாமி சுவரில் அறைந்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று பச்சையாக எட்டிப் பார்த்தது. மூன்றரை அடி நிலத்துக்கு மேலே முப்பது அடிக்குத் தோட்டம் இருந்தது.

“புரிஞ்சுபோச்சு” என்று மாசிலாமணி எழுந்தார். முதுகெல்லாம் சேறு.

அவர் செய்தால் அரைகுறையாகச் செய்யமாட்டார். சாய்வுச் சுவர் முழுக்கக் கம்பி வளையம் அடித்து, ஒரே அளவில் அறுபது தொட்டி மாட்டினார். நூல் பிடித்த மாதிரி வரிசை. மேலே தொங்கும் கொடி, நடுவில் பூச்செடி, கைக்கு எட்டும் உயரத்தில் கீரை. எலுமிச்சை மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சும் போட்டார். மனைவியின் உயரத்துக்குத் தகுந்தபடி அதன் கால்களை அரையடி குறைத்தார்.

தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டுக்காரர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். முக்கோணம் என்று சொன்னால் நம்பமாட்டோம் என்றார்கள். மாசிலாமணிக்குத் தலைகால் புரியவில்லை.

உலகம்மை ஜன்னலருகே நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

“ரொம்ப நல்லாருக்கு” என்றாள்.

உள்ளே போய் முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்துவிட்டாள். பெஞ்சில் பக்கத்து வீட்டுப் பூனை படுத்துக்கொண்டது.

மாசிலாமணி மூன்றாம் முறை வந்தபோது கோபமாக வந்தார். கையில் சுருட்டிய வரைபடம். தோட்டம் முழுவதையும் அங்குலம் பிசகாமல் வரைந்திருந்தார். சுவர் இரட்டைக் கோடு, கிணறு அரை வட்டம், தட்டி, பாதை, பெஞ்சு, சாக்கடை, எலுமிச்சை மரம் எதையும் விடவில்லை.

“பாருங்க சாமி. இதுல என்ன குறை? எங்க தப்பு பண்ணியிருக்கேன்? நானும் தலைகீழா நின்னு பாத்துட்டேன். பூனை வருது, ஊர் வருது, அவ வரலை.”

குரல் கடைசியில் உடைந்துவிட்டது. அதை மறைக்க இருமினார்.

சாமி படத்தை ஆலைச் சுவரில் வைத்து விரித்துப் பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார்.

“ஆச்சி எங்க?”

“வீட்டுல.”

“இதுல எங்க?”

மாசிலாமணி பேனாவை எடுத்துப் பெஞ்சின் மேல் ஒரு புள்ளி வைக்கப் போனார். சாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவங்க வைக்கட்டும்.”

அவ்வளவுதான். பூவாளியை எடுத்துக்கொண்டு வெற்றிலைக்கொடிக்குப் பின்னால் போய்விட்டார்.

மாசிலாமணி சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்து நான்கு பக்கமும் டம்ளர் வைத்தார்.

“ஒலகு, இங்க வா. இது நம்ம தோட்டம். இது வீட்டுச் சுவரு. இது எலுமிச்சை. நீ உக்காரணும்னா எங்க உக்காருவ? ஒரு புள்ளி வை.”

“எதுக்கு?”

“சாமி கேக்கச் சொன்னாரு.”

உலகம்மை ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். படத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். பென்சிலை வாங்கி, இரட்டைக் கோட்டுக்கு நடுவில், கிணற்றுக்குச் சற்று முன்னால், ஒரு புள்ளி வைத்தாள்.

மாசிலாமணி சிரித்துவிட்டார்.

“அது சுவரு, ஒலகு.”

“தெரியும்.”

“ஒம்பது அங்குலச் சுவரு. அதுக்குள்ள எப்படி உக்காருவ?”

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அந்தப் பார்வையை அவர் பார்த்ததில்லை. கோபம் என்றால் சமாளித்திருப்பார். அது கோபமில்லை.

பென்சிலை மேசையில் வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தாள். படியில் இறங்கினாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு தோட்டத்தில் நடந்தாள்.

மாசிலாமணி செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினார்.

அவள் பெஞ்சைப் பார்க்கவில்லை. சங்குப்பூத் தட்டியைச் சுற்றிக்கொண்டு போனாள். கிணற்றுக்கு நாலு எட்டு முன்னால் நின்று, சுவரிலிருந்த ஒரு தொட்டியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டார். இன்னொன்று. அதையும் வாங்கினார். அப்புறம் ஒன்று, மேலும் ஒன்று. ஒரு கணம் வேண்டாம் என்று சொல்ல நினைத்தார். சொல்லவில்லை. மார்போடு நாலு தொட்டியை அணைத்துக்கொண்டு நின்றார். ஒன்றிலிருந்து தண்ணீர் சொட்டிச் சட்டை நனைந்தது.

சுவரில் ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்குச் சிமெண்ட் பூச்சு தெரிந்தது. அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“இங்கதான் துவைகல் கிடந்துச்சு.”

அவள் கை பூச்சின்மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நகர்ந்தது.

“இந்த ஓரம் நான் உக்காருவேன். அந்த ஓரம் கோமு உக்காருவா. தம்பியைக் கட்டிக்கிட்டு வந்த மறுவாரத்துல இருந்து அவளுக்கு அதுதான் இடம். உங்களைப் பத்தி நான் அழுததும் அங்கதான், தம்பியைப் பத்தி அவ அழுததும் அங்கதான். சிரிச்சதும் அங்கதான். நீங்க கோடு போட்டீங்க. கொத்தனார் வந்து கல்லை ஒடைச்சு அஸ்திவாரத்துல போட்டுட்டான்.”

“நீ சொல்லியிருக்கலாம்ல.”

“நீங்க அளந்துகிட்டு இருந்தீங்க.”

மாசிலாமணிக்கு அவமானமாக இருந்தது. கிணற்றை அரை அங்குலம் பிசகாமல் பாதியாக்கியவர் அவர். பாகப் பிரிவினைப் படத்தில் சாக்கடையைக் காட்டியிருந்தார், எலுமிச்சை மரத்தைக் காட்டியிருந்தார். அப்படி ஒரு கல் இருந்தது அவர் நினைவிலேயே இல்லை.

அந்தப் பக்கத்தில் யாரோ தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். கப்பிச் சத்தம் நின்றது.

“யாரு?” என்று ஒரு பெண் குரல் கேட்டது.

உலகம்மை மெல்லக் குனிந்து, முழங்காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். கண்ணில் நீர் வழிந்தது. அதை அவள் துடைக்கவும் இல்லை.

“அக்காவா?”

“ஆமா கோமு. நான்தான்.”

அந்தப் பக்கம் வாளி சரிந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு வளையல் சுவரில் உரசியது. தரையில் ஒருவர் உட்காரும் சத்தம்.

மாசிலாமணி தொட்டிகளோடு நின்றார். எலுமிச்சை மரத்தடியில் பெஞ்சு சும்மா கிடந்தது. பாதை அழகாக வளைந்து போயிற்று. சங்குப்பூ காற்றில் ஆடியது.

அவர் ஒவ்வொரு தொட்டியாகக் கீழே இறக்கி வைத்தார். கையில் ஒட்டிய மண்ணை வேட்டியில் துடைத்தார். தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார்.

“கோமு” என்றார் சுவரைப் பார்த்து. “பாபநாசம் வீட்டுல இருக்கானாம்மா?”

அந்தப் பக்கம் வளையல் மறுபடி உரசியது.

“கிணத்துகிட்டதான் நிக்காரு, அத்தான். நீங்க செருமினதுல இருந்து.”